கேம்ல ஒரு இடத்துல நிஜமாவே நிக்கிற மாதிரி வர்ற அந்த உணர்வு எங்கிருந்து வருது?

மண்டபம்:
கிராஃபிக்ஸ் கார்டுலேருந்து வரல, அதை முதல்ல சொல்லிடுறேன். 1999-ல வந்த பேய்க் கேம் சைலன்ட் ஹில்லை எடுத்துக்குங்க. அது ஓடின கேம் பெட்டி, முதல் பிளேஸ்டேஷன், அதால தூரத்துத் தெருவை வரைய முடியல, அதை மறைக்கத்தான் மூடுபனியைப் போட்டாங்க. பத்தடி தள்ளி என்ன நிக்குதுன்னு தெரியாது. கையில இருக்கிற ரேடியோ மட்டும் கரகரன்னு இரையும், பிசாசு பக்கத்துல வந்தா இரைச்சல் கூடும். கண்ணுக்குக் கிடைக்காததைக் காது முந்திக்குது.

பாம்பன்:
அண்ணே, கடல் தெரிஞ்ச ஆளுகளுக்கு ட்ரெட்ஜ் (2023). மீன்பிடி கேம்தான். படகு நகர்ந்தா, மீனை இழுத்தா கடிகாரம் ஓடும். சும்மா மிதந்தா நேரமும் நிக்கும். அதனால இருட்டுல மாட்டுறது முழுக்க நம்ம பேராசையாலதான். பொழுது சாய்ஞ்சா பதற்றம் ஏறும், ஏற ஏறப் பகல்ல இல்லாத பாறை படகுக்கு முன்னால முளைக்கும். தூங்கினா தெளியும். பேய் வந்து கத்துற கேமைவிட இது எவ்வளவோ மேல்.

தொண்டி:
யூனிட்டிங்கிற கேம் செய்யிற மென்பொருள்ல சொந்தமா செய்யிற தம்பிகளுக்கு: தூரம் கூடக் கூடப் பனி எப்படி அடரணும்ங்கிற அமைப்பை எக்ஸ்பொனென்ஷியல்ல வச்சா அடர்த்தி 0.04 போதும், 100 மீட்டர்ல இருக்கிற பொருள் 2 சதவீதம்கூடத் தெரியாது. அதுலயே இன்னொரு வகை, எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கொயர்டுன்னா 0.02 போட்டாலே 100 மீட்டர்ல அதே அளவு மறையும், ஆனா கிட்ட இருக்கிறது தெளிவா நிக்கும். எல்லாரும் சறுக்குற இடம் நிறம். பனியோட நிறமும் அடிவானத்து நிறமும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா தூரத்துப் பனைமரம் கரையாம, வெட்டி ஒட்டின சாம்பல் அட்டை மாதிரி நிக்கும்.

கீழக்கரை:
சத்தத்தைப் பத்தி யாரும் பேசலையே. தனுஷ்கோடி ரோட்டை வச்சே சொல்றேன். அரிச்சல்முனையைப் பாத்து நடந்தா இடது கையில பெண் கடல் (வங்காள விரிகுடா பக்கம்), வலது கையில ஆண் கடல் (மன்னார் வளைகுடா பக்கம்). தெக்கேயிருந்து அடிக்கிற சோளகக் காத்து காலத்துல வலதுபக்கம் இரையும், இடதுபக்கம் குளம் மாதிரி கிடக்கும். வடக்கேயிருந்து வர்ற வாடைக் காத்துல அப்படியே மாறிடும். இதை ஒரே ஸ்டீரியோ பாட்டா ஓட விட்டா, ஆள் திரும்பினாலும் ஆண் கடல் வலதுகாதுலயே இரையும், அங்கேயே குட்டு உடைஞ்சிடும். ரெண்டு கரையிலயும் தனித்தனி முப்பரிமாண ஒலிமூலமா வைங்க, அதாவது ஆள் திரும்பினாலும் சத்தம் அது இருக்கிற திசையிலேருந்தே வரணும்.

லூப்பையும், அதாவது ஒரே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஓடுறதையும், கவனிங்க. 30 வினாடி அலையை ஓட விட்டா, மூணாவது சுத்துலயே காது கண்டுபிடிச்சிடும். 47 வினாடியில ஒண்ணு, 61 வினாடியில ஒண்ணுன்னு ரெண்டு துண்டை மேல மேல போடுங்க. ரெண்டும் சேர்ந்து முதல் இடத்துக்குத் திரும்ப 2,867 வினாடி ஆகும், முக்கால் மணி நேரத்துக்கு மேல.

பாம்பன்:
அலைச் சத்தத்தை போன்லயே பதிவு பண்ணலாமா?

கீழக்கரை:
பண்ணலாம். ஆனா இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலி அளவையும் அணைக்கிற ஆப் வேணும். அது இல்லேன்னா அலையையே குப்பைன்னு நினைச்சுத் தின்னுடும். ஒலி மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபல் தாண்டாம வைங்க. மைக்குக்குக் காத்தைத் தடுக்கிற ரோமக் கவசம் கட்டாயம், அது இல்லாம எடுத்த காத்து வெறும் தடதடப்புதான், எடிட்ல மீளாது. மிச்ச உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற தாழ்ந்த ஒலியை வெட்டுங்க.

மண்டபம்:
விளையாடுறவங்க பக்கத்துத் தப்பு ஒண்ணு. தொடக்கத்துல "சின்னம் மங்கலாத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைங்க"ன்னு கேம் கேட்கும். மத்தியானம், ஜன்னலைத் திறந்து வச்சு, அதைச் செய்யவே கூடாது. வெளியே மணல் கண்ணைக் கூசவைக்கும், நீங்க வெளிச்சத்தை ஏத்திடுவீங்க, ராத்திரி விளையாடினா இருட்டெல்லாம் சாம்பலா வெளுத்திருக்கும்.

தொண்டி:
ஆனா இருட்டு இல்லாம வெளிச்சத்துலயும் அந்த உணர்வு வரும் அண்ணே. ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்ல (2005) வெட்டவெளி வெயில், ஆளே கிடையாது, குதிரைக் குளம்பு மட்டும் கேட்கும், பாட்டு ராட்சசனோட மோதும்போதுதான் எழும். தனுஷ்கோடியில 1964 புயலுக்கு மிஞ்சின அந்த சர்ச் சுவரைக் கேம்ல செய்யிறவங்க ராத்திரியில வைக்காதீங்க. உச்சி வெயில், காலடியில ஒட்டின நிழல், கூரை இல்லாத சுவருக்குள்ள நுழைஞ்சதும் காத்துச் சத்தம் பாதியாக் குறையணும். அவ்வளவுதான் வேலை.

கீழக்கரை:
அந்த சுவருக்குள்ள எதிரொலி போட்டுடாதீங்க, மேல வானம் திறந்து கிடக்கு.