ஊருக்குள் கூட்ஸ் ரயிலின் வேகத்தைக் குறைத்தால் விபத்து குறையுமா?

நெடுவழி:
அமெரிக்காவில் கூட்ஸ் ரயில் எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பதைத் தண்டவாளத்தின் தர வகுப்புதான் முடிவு செய்கிறது. ஒன்றாம் வகுப்பில் மணிக்கு 10 மைல், பிறகு 25, 40, நான்காம் வகுப்பில் 60. இந்தக் கணக்கில் லெவல் கிராஸிங் எங்கே வருகிறது? வண்டி தடம் புரளாமல் இருக்கப் போட்ட வரம்பு இது. சாலையைக் கடக்கிறவனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வரம்புக்குள் ஓடிய ரயிலை, "இந்த இடத்துக்கு இது அதிக வேகம்" என்று மாநிலச் சட்டத்தை வைத்து வழக்காட முடியாது என்று 1993-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என் கட்சி இதுதான்: வீடுகள் நெருங்கிய இடத்தில் 30 மைலுக்கு மேல் விடக்கூடாது.

சிக்னல்காரன்:
பல வருஷம் சிக்னல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேகத்தைக் குறைத்தால் வேறொரு தலைவலி வரும். கேட் மூட ஆரம்பித்து ரயில் வந்து சேர்வதற்குள் குறைந்தது 20 வினாடியாவது எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பழைய ஏற்பாட்டில், தண்டவாளத்தில் குறிப்பிட்ட ஒரு தூரத்தை வண்டி தொட்டதும் மணி அடிக்கும். 60 மைல் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த இடம் கிராஸிங்கிலிருந்து சுமார் 540 மீட்டர் தள்ளி இருக்கும். அதே இடத்தை 15 மைலில் வருகிற வண்டி தொட்டால்? 80 வினாடி. அப்புறம் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள வண்டி கடந்து முடிக்க இன்னும் ஐந்து நிமிஷம். கேட் மூடியே கிடக்கிறது, ரயிலைக் காணோம் என்றால் மனுஷன் என்ன செய்வான்? சுற்றிக்கொண்டு புகுந்து போவான். மோதலில் பாதி அப்படித்தான் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை, ஆனால் அப்படிப் புகுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெடுவழி:
நான் கேட்டது 30, நீங்கள் 15-ஐப் பிடித்துக்கொண்டீர்கள். எல்லா வண்டியும் 30-க்குள்தான் என்று வைத்துவிட்டால், அந்தத் தொடக்க இடத்தையும் பாதித் தூரத்துக்குக் கொண்டு வந்துவிடலாமே? காத்திருப்பு திரும்ப 20 வினாடிதான்.

சிக்னல்காரன்:
சரி, அது நியாயம். வண்டியின் வேகத்தை அளந்து, அதற்கேற்ப மணி அடிக்கிற கருவியும் இப்போது இருக்கிறது. ஆனால் அதை வைத்துவிட்டால் எந்த வேகத்துக்கும் ஒரே அளவு எச்சரிக்கை கிடைக்கும், வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஒரு காரணம் போய்விடுகிறது, கவனியுங்கள்.

மருதன்:
ஒரு விஷயத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். பெரிய உருவம் நம்மை நோக்கி வரும்போது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் தெரியும். லெய்போவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985-லேயே லெவல் கிராஸிங் விபத்துகளை வைத்து இதை எழுதினார். விமான நிலையத்தில் பெரிய விமானம் தரையிறங்குவதைப் பாருங்கள், மிதந்து வருவது போலவே இருக்கும். கண்ணே ஏமாற்றுகிறது என்றால், ரயிலையாவது மெதுவாக்குவதுதானே முறை?

சிக்னல்காரன்:
கண் ஏமாற்றுகிறது என்றால் கண்ணை நம்ப வேண்டிய நிலையே இருக்கக்கூடாது. கேட் போடுங்கள், முடிந்தால் மேம்பாலம் கட்டுங்கள். 2017 மார்ச்சில் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் மேடான கிராஸிங்கில் அடித்தட்டு இடித்துச் சிக்கிக்கொண்ட பேருந்தில் கூட்ஸ் ரயில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். மோதும்போது வேகம் சுமார் 20 மைல். உங்கள் 30-ஐவிடக் குறைவு! அங்கே குற்றவாளி அந்த மேடு. அதற்கு முன்பும் வண்டிகள் அதே இடத்தில் சிக்கியிருக்கின்றன.

நெடுவழி:
மேட்டைச் சரிசெய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு சம்பவத்தை வைத்து வேகமே பொருட்டில்லை என்று சொல்லாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. நிற்க வேண்டிய தூரமும் கிட்டத்தட்ட அப்படியே. 55 மைலில் வரும் நீளமான கூட்ஸ் நிற்க ஒரு மைல் அல்லது அதற்கு மேல் ஆகும். அதில் பாதி வேகம் என்றால் கால் மைல் அளவுக்கு வந்துவிடும்.

கயல்:
கால் மைல் என்பதே 400 மீட்டர். வளைவு தாண்டி வருகிற டிரைவருக்குச் சிக்கிய கார் 200 மீட்டரில்தான் தெரிகிறது என்றால், அப்போதும் மோதத்தானே போகிறது? நெடுவழி சொல்வதில் எனக்குப் பிடித்தது வேறு. கேட் இல்லாத கிராஸிங்கில் 250 மீட்டர் வரைதான் பார்க்க முடிகிறது என்று வையுங்கள். 55 மைல் ரயில் பத்து வினாடியில் வந்துவிடும். அதில் பாதி வேகம் என்றால் இருபது. நின்ற இடத்திலிருந்து கிளம்பித் தடத்தைக் கடக்கிற பாரவண்டிக்கு அந்தப் பத்து வினாடி ரொம்பப் பெரிது.

சிக்னல்காரன்:
கேட் இல்லாத கிராஸிங் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பார்வையை மறைக்கிற புதரை வெட்டுவது அதைவிடச் சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே ஒவ்வொரு கிராஸிங்கிலும் நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். ரயில்வேயின் அவசர போன் எண்ணும் அந்தக் கிராஸிங்கின் எண்ணும் அதில் இருக்கும். கார் சிக்கினால் எல்லோரும் இறங்கித் தடத்தைவிட்டு விலகி, ரயில் வரும் திசைப்பக்கமாகச் சாய்ந்து ஓட வேண்டும். மறுபக்கம் ஓடினால் இடித்துச் சிதறும் துண்டுகள் மேலே விழும். பிறகு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

நெடுவழி:
பலகையைத் தேடி, எண்ணை அழுத்தி, இடத்தைச் சொல்லி, அங்கிருந்து டிரைவருக்குத் தகவல் போய்ச் சேர இரண்டு நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 60 மைலில் வரும் ரயில் அதற்குள் இரண்டு மைல் ஓடியிருக்கும். 30 மைலில் வருவது ஒரு மைல்தான் ஓடியிருக்கும், பிரேக் போட்டு நிற்கவும் குறைந்த தூரமே போதும். உங்கள் நீலப் பலகை வேலை செய்யவும் என்னுடைய 30 தேவைப்படுகிறது, சார்.