மேசைக்கணினிக்கான நினைவகமும் மின்வழங்கியும்

கேள்வி: காணொளித் தொகுப்புக்காக நானே பூட்டவிருக்கும் கணினிக்கு ரைசன் 5 7600 செயலியைத் தேர்ந்துள்ளேன். பழைய கணினியின் டிடிஆர்4 வகை நினைவகம் (ரேம்) இதற்குப் பொருந்துமா? மின்வழங்கி எத்தனை வாட் இருக்க வேண்டும்?

மறுமொழி 1: பொருந்தாது. அச்செயலிக்குரிய ஏஎம்5 வகைச் செருகுவாய் கொண்ட மதர்போர்டுகள் டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இவ்விரு வகை நினைவகத் துண்டுகளிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் செருகவே முடியாது. 32 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல், 16 ஜிபி வீதம் இரண்டாக வாங்கி உரிய இடங்களில் பொருத்தினால், ஒரே நேரத்தில் இரண்டு தடங்களில் தரவு விரைவாகச் செல்லும்.

மறுமொழி 2: பெரும்பாலும் மிகுதியான மின்சாரத்தை இழுப்பது கிராபிக்ஸ் கார்டே என்பதால், அதன் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட் அளவைப் பார்த்த பிறகே மின்வழங்கியை முடிவு செய்யுங்கள். மின்வழங்கியில் உள்ள '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தையே குறிக்கிறது. பலர் அதைத் தரச்சான்றாகவே எண்ணிவிடுகிறார்கள்.

கேட்டவர்: கார்டைப் பிறகு வாங்கலாமா?

மறுமொழி 1: வாங்கலாம். இச்செயலியிலேயே அடிப்படை வரைகலை (கிராபிக்ஸ்) வசதி உண்டு.