பாட்டி இடுப்பில் இருந்தது எந்தச் சாவி?

கொல்லைக்கிணறு:
பக்கத்து இழையில் திண்ணைவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. அங்கேயே பதில் போட்டால் ஆவணி அவிட்டத் தேதிச் சண்டைக்கு நடுவில் அமுங்கிப் போகும், அதனால் தனி இழை. அவர் எழுதியது இது: "அந்தக் காலத்துப் பிராமணப் பெண்கள் அடிமைகளாக இருந்தார்கள் என்பது வெள்ளைக்காரனும் சில பத்திரிகைக்காரர்களும் கட்டிவிட்ட கதை. எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தே பாட்டி இடுப்பில்தான் இருந்தது."

எங்கள் வீட்டிலும் ஒரு சாவி இடுப்பில் இருந்தது ஐயா. என் அத்தைப்பாட்டி இடுப்பில். உக்கிராண உள் சாவி. அரிசி, பருப்பு, வெல்லம், நல்லெண்ணெய். பத்திரமும் நகையும் இருந்த இரும்புப்பெட்டியின் சாவி அவளுடைய அண்ணா பூணூலில் தொங்கியது. அவளுக்கு 8 வயதில் கல்யாணம், 11 வயதில் கணவன் போய் எல்லாம் முடிந்தது. பெரியவளானதும் நாவிதரைக் கொல்லைப்புறம் வரவழைத்துத் தலையை மழித்தார்கள். அதற்குப் பிறகு 60 வருஷம் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஈரத்துணியோடு மடியாகச் சமைத்து, தான் ஒரு வேளை மட்டும் சாதம் சாப்பிட்டு, ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தாள். வெளியே கிளம்புகிறவர்கள் எதிரில் அவள் வந்துவிட்டால் திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அப்போதும் அந்தச் சாவி அவள் நார்மடிப் புடவை முடிச்சில்தான் இருந்தது.

திண்ணைவாசி:
மாமி, கோபம் வேண்டாம். ஒரு வீட்டில் நடந்ததை வைத்துச் சமூகத்தையே கூண்டில் ஏற்றுவது இப்போது ஃபேஷன் ஆகிவிட்டது. எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் நெல் விற்ற கணக்கை மனதிலேயே வைத்துக்கொண்டு காரியஸ்தரைத் திணற அடிப்பார். தாத்தா ஒரு ரூபாய் வேண்டும் என்றாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார். நான் கண்ணால் பார்த்தவன். அப்புறம், சீர்திருத்தம் செய்தவர்கள் யார்? ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889ல் விதவையான தன் மகளுக்கே மறுமணம் செய்து வைத்தார். இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கிய சகோதரி சுப்புலட்சுமியைப் பெற்ற தகப்பனாரே படிக்க வைத்தார். எல்லோரும் நம்மவர்கள். வெளியிலிருந்து எவனும் வந்து திருத்தவில்லை.

கொல்லைக்கிணறு:
முதலில், நான் உங்களுக்கு மாமி இல்லை. இரண்டாவது, பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்றீர்களே, இப்போது சாட்சிக்கூண்டுக்கு யாரை அழைக்கிறீர்கள்? தி இந்துவையும் சுதேசமித்திரனையும் தொடங்கிய ஒரு பத்திரிகைக்காரரை! அந்தக் கல்யாணம் எங்கே நடந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன இடத்தில், பம்பாயில். ஏன், சென்னையில் இடம் கிடைக்கவில்லையா? திரும்பி வந்தவரை உறவும் சாதியும் ஒதுக்கி வைத்தது. இன்று "நம்மவர்" என்கிறீர்கள், அன்று உங்கள் கொள்ளுத்தாத்தா அவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பாரா?

சகோதரி சுப்புலட்சுமி பற்றி நீங்கள் பேசவே வேண்டாம். போன வருஷம் மடிசார் இழையில் அவரையும் பாடகி எம்.எஸ். அம்மாவையும் ஒரே ஆள் என்று எழுதியவர் நீங்கள்தானே?

திண்ணைவாசி:
அது தட்டச்சுப் பிழை. நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

கொல்லைக்கிணறு:
மூன்று பத்தி தட்டச்சுப் பிழை. விதவைகள் இல்லம் நடந்த இடத்தைப் போய் "ஐஸ் ஹவுஸில் கச்சேரி செய்தார்" என்று எழுதியதும் பிழைதானா?

வக்கீல்குமாஸ்தா:
இருவருக்கும் நமஸ்காரம். சாவி யாரிடம் இருந்தது என்பதை விடச் சொத்து யாருடையது என்பதுதான் கேள்வி. 40 வருஷம் சிவில் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கூட்டுக் குடும்பத்தில் கணவன் போய்விட்டால் விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும்தான், பங்கு கிடையாது. 1937 சட்டம் கணவன் பங்கை அவளுக்குக் கொடுத்தது, அதுவும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், இஷ்டப்படி விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்றும் ஆகிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்தை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? நிலத்துக்கும் சேர்த்து 1947ல்தான் சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் போட்டது. முழு உரிமை 1956ல் வந்தது. மறுமணத்துக்கு 1856லேயே சட்டம் உண்டு, ஆனால் மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் இருந்த உரிமை போய்விடும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆகவே "உரிமை" என்று எதைச் சொல்கிறோம், கையில் வைத்திருப்பதையா, சொந்தமாக இருப்பதையா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு பேசினால் நல்லது.

திண்ணைவாசி:
சட்டப் புத்தகம் கோர்ட்டுக்கு. வீட்டில் நடந்தது வேறு. சாவி பாட்டியிடம் இருந்தது.

கொல்லைக்கிணறு:
எந்தச் சாவி?

திண்ணைவாசி:
சாவிக்கொத்து. கொத்து என்றால் எல்லாச் சாவியும்தான்.

தென்கலைத்தம்பி:
அடியேன் ஒரு விஷயம் விண்ணப்பித்துக்கொள்கிறேன். பிராமணர்கள் மொட்டை அடித்தார்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை நிறுத்தவும். தென்கலை ஸ்ரீவைஷ்ணவர்களிடம் விதவைக்குத் தலை மழிக்கும் வழக்கமே கிடையாது. எங்கள் பெரிய பாட்டி கடைசி வரை குடுமி போல முடிந்துகொண்டுதான் இருந்தார். அது வடகலையாரும் ஸ்மார்த்தர்களும் வைத்துக்கொண்ட ஆசாரம். சாஸ்திரத்தில் கட்டாயம் என்றால் எங்களுக்கு மட்டும் சாஸ்திரம் வேறா?

கொல்லைக்கிணறு:
தம்பி சொல்வது சரி, அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பக்கத்துத் தெருவில் அதே பெருமாளைச் சேவிக்கிறவர்கள் மழிக்காமல் இருந்தும் வானம் இடிந்து விழவில்லை என்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் நாவிதரைக் கூப்பிட்டார்கள்.

காவிரிக்கரை:
தென்கலைத்தம்பி, முடியை விட்டுவைத்தீர்கள், சரி. அந்தப் பெரிய பாட்டிக்கு மறுமணம் செய்து வைத்தீர்களா? வடகலையை இழுக்காமல் உங்களுக்கு ஒரு பதிவு போடத் தெரியாதா?

தென்கலைத்தம்பி:
நான் இருப்பதைச் சொன்னேன். உங்களுக்குச் சுருக்கென்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

காவிரிக்கரை:
காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்ற வழக்கை இங்கேயும் தொடங்கிவிட்டார். நடக்கட்டும்.

ஊர்ப்பொது:
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கேள்வி. சகோதரி சுப்புலட்சுமி என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள், அவர் தொடங்கிய இல்லத்தில் பிராமண விதவைகளை மட்டும்தானே சேர்த்தார்கள்? மற்ற சாதியில் தாலி அறுத்தவளுக்குப் படிப்பு வேண்டாமா? 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டபோது உங்கள் அக்ரஹாரத்துச் சாவிக்கொத்துகள் என்ன செய்துகொண்டிருந்தன?

திண்ணைவாசி:
வந்துவிட்டார். எந்த இழையானாலும் ஆறாவது பதிவில் செங்கல்பட்டு வந்துவிடும்.

ஊர்ப்பொது:
பன்னிரண்டு பதிவுக்கு மேல் ஆகிவிட்டது. எண்ணத் தெரியாதவர் பாட்டியின் நெல் கணக்கைப் பற்றிப் பேசுகிறார்.

கொல்லைக்கிணறு:
ஊர்ப்பொது, கேள்வி நியாயம், நடந்ததும் உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் மொட்டைத் தலையோடு இருந்த ஒரு பெண்ணை அவள் வீட்டார் வெளியே அனுப்ப வேண்டும் என்றால் சமையல் யார், தண்ணீர் யார் எடுக்கிறார்கள், பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அத்தனைக்கும் தலையாட்டிவிட்டுத்தான் அவர் அந்தப் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. அவரும் பால்ய விதவை. 1911ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார், அடுத்த வருஷமே எழும்பூரில் தன் தந்தை வீட்டில் இளம் விதவைகள் சிலரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். பிறகுதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். அவரிடம் படித்த பெண்கள் ஆசிரியைகளாகிச் சம்பளம் வாங்கினார்கள். சம்பளம்! யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. என் அத்தைப்பாட்டிக்கு அந்த இல்லத்தைப் பற்றி எட்டியது, யாரோ ஒரு வாத்தியார் மனைவி சொல்லி. கேட்டாளாம். "குடும்ப மானம் போகும், அங்கே போனால் செத்துப்போனவள் என்று இங்கே உனக்கு ஸ்நானம் பண்ணிவிடுவோம்" என்றார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு 70 வயது, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஊர்ப்பொது:
அதாவது வெளியேறுவதற்கும் சாதி பார்த்துத்தான் கதவு திறந்தது என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

கொல்லைக்கிணறு:
நான் சொன்னது அது மட்டும் இல்லை.

திண்ணைவாசி:
உருக்கமாக எழுதினால் வாதம் ஆகிவிடாது. காலம் மாறியது, நாங்களும் மாறினோம். எந்தச் சட்டமும் வந்து தடியால் அடித்து மாற்றவில்லை.

கொல்லைக்கிணறு:
அப்படியா? குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமல் என்று தேதி போட்டதும் நடுவில் இருந்த ஆறு மாதத்தில் உங்கள் "தானாக மாறிய" ஆட்கள் என்ன செய்தார்கள்? பெண்ணுக்கு 14 வயது என்றுதான் சட்டம் கேட்டது, 24 இல்லை. அதற்கே மாகாணம் முழுக்க அவசரக் கல்யாணம். டெல்லி சட்டசபையில் இதை எதிர்த்து முழங்கிய எம்.கே. ஆச்சாரியா எந்த ஊர்க்காரர்? நம் சென்னை மாகாணத்துக்காரர்தானே? ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை என்று இருந்ததால் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தைக் காரைக்காலில் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அது பிரெஞ்சுக்காரன் ஊர். பெண்ணுக்கு வயது 10. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் எல்லை தாண்டினார்களாம், இதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். வெள்ளைக்காரன் சட்டம் வேண்டாம், வேறொரு வெள்ளைக்காரன் நிழல் மட்டும் வேண்டும்!

காவிரிக்கரை:
இது நன்றாக இருக்கிறது.

திண்ணைவாசி:
காவிரிக்கரை, நீங்கள் யார் பக்கம்?

காவிரிக்கரை:
நான் தென்கலைத்தம்பிக்கு எதிர்ப்பக்கம்.

வக்கீல்குமாஸ்தா:
ஒரு சிறு திருத்தம். அந்தச் சட்டத்தை மீறிச் செய்த கல்யாணமும் செல்லும், தண்டனை மட்டும்தான் உண்டு. ஆகையால் என் முந்தைய கேள்விக்கு வருகிறேன், "உரிமை" என்றால்...

திண்ணைவாசி:
குமாஸ்தா சார், கொஞ்சம் இருங்கள். இவ்வளவு சீர்திருத்தம் நடந்து என்ன ஆயிற்று? இன்றைக்கு நிலைமை என்ன? 2021ல் பிராமணர் சங்கத் தலைவரே எழுதினார், 30லிருந்து 40 வயதுக்குள் 40,000க்கு மேற்பட்ட பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, உத்தரப் பிரதேசம், பீகார் வரை போய்த் தேட வேண்டியிருக்கிறது என்று. படித்த பெண்கள் போடும் நிபந்தனையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாமனார் மாமியார் கூட இருக்கக் கூடாதாம், தனி வீடாம், சமையலுக்கு ஆளாம். என் அக்கா பையன் நான்கு வருஷமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறான்.

மாட்டுப்பொண்:
இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நிபந்தனையா? போன தலைமுறை வரை சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு "பெண் நிறம் கம்மி, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து போனார்களே, அதற்கு என்ன பெயர்? எத்தனை பவுன், எந்த அளவில் வெள்ளிப் பாத்திரம், எதிர்ஜாமீன் எவ்வளவு என்று பட்டியல் போட்டீர்களே, அது என்ன, ஸ்தோத்திரமா? எங்கள் புக்ககத்தில் இன்றும் மூன்று நாள் எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். நான் வாங்கும் சம்பளத்தில்தான் அந்த வீட்டுக்கு வட்டி கட்டுகிறோம். பூஜை உள் பக்கம் மட்டும் திரும்பக் கூடாது.

திண்ணைவாசி:
அது ஓய்வுக்காக ஏற்பட்ட ஏற்பாடு. முன்னோர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள்.

மாட்டுப்பொண்:
ஓய்வா? தொடக் கூடாத நாளிலும் மொட்டை மாடியில் துணி உலர்த்துவது நான்தான். துணிக்கு மட்டும் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.

தென்கலைத்தம்பி:
மூன்று நாள் விஷயத்தில் எங்கள் சம்பிரதாயத்தில்...

காவிரிக்கரை:
வேண்டாம். யாரும் கேட்கவில்லை.

கொல்லைக்கிணறு:
பேச்சை மாப்பிள்ளைச் சந்தைக்குக் கடத்திக்கொண்டு போக வேண்டாம். திண்ணைவாசி, ஒரே கேள்வி, இதோடு மூன்றாவது முறை. உங்கள் பாட்டி இடுப்பில் இருந்தது உக்கிராணச் சாவியா, இரும்புப்பெட்டிச் சாவியா?

திண்ணைவாசி:
இரண்டும். மொத்தம் ஏழு சாவி. நீங்கள் இப்படிக் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் படம் தேடி எடுத்தேன், இதோ இணைத்திருக்கிறேன். அந்தக் கொத்து இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கொல்லைக்கிணறு:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீளமாக இருப்பது உக்கிராண உள், சந்தேகமே இல்லை. இரண்டு வாசல் பூட்டுகள். சின்னதாக மூன்று, அஞ்சறைப்பெட்டி அலமாரிக்கோ டிரங்குப் பெட்டிக்கோ இருக்கும். ஏழாவது தையல் மெஷின் பெட்டிச் சாவி, எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. இரும்புப்பெட்டிச் சாவி கட்டைவிரல் தடிமனில் இருக்கும் ஐயா, எங்கே அது?

திண்ணைவாசி:
படத்தில் தடிமன் தெரியாது.

மாட்டுப்பொண்:
எனக்கும் தையல் மெஷின் சாவி மாதிரிதான் தெரிகிறது.

ஊர்ப்பொது:
எனக்கும்.

திண்ணைவாசி:
உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்? அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், பெட்டியைத் திறந்தே படம் எடுத்துப் போடுகிறேன். அப்போது இந்த இழையில் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வக்கீல்குமாஸ்தா:
நல்ல யோசனை. பெட்டியில் பாகப்பத்திரம் இருந்தால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1989க்கு முன்னால் கல்யாணம் ஆகிப் போன பெண்களுக்கு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்த அந்த வருஷத் திருத்தத்தில் பங்கு வரவில்லை, ஆகையால் உங்கள் அத்தைகள் விஷயத்தில்...

கொல்லைக்கிணறு:
குமாஸ்தா ஐயா இப்போதுதான் சரியான பெட்டியைத் தட்டுகிறார். திண்ணைவாசி, உங்களுக்கு நான்கு அத்தைகள் என்று தீபாவளி இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டி போனதும் அந்தச் சாவிக்கொத்து எந்த அத்தையிடம் போயிற்று?

திண்ணைவாசி:
அது எங்கள் குடும்ப விஷயம். சாவி பாட்டி இடுப்பில்தான் இருந்தது.