காரைக்குடியில் சனிக்கிழமை ரக்பி ஆட்டம், ஞாயிறு கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பின்வரிசை_7:
வணக்கம். நாங்கள் கோவையிலிருந்து வரும் ரக்பி அணி. செவன்ஸ் ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர், ஏழேழு நிமிடமாக இரண்டு பாதி. மாற்று ஆட்டக்காரர்கள், வேன் ஓட்டும் அண்ணன் எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர். சனி மாலை நாலரைக்குக் காரைக்குடியில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம். ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பினால் போதும். எங்களில் யாருமே செட்டிநாடு பார்த்ததில்லை.

என் திட்டம் இது: வெள்ளி இரவு கிளம்பி விடியும்போது வந்துவிடுவது. சனி காலை பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் முடித்துவிட்டு நேராக மைதானம். ஞாயிறு திருமயம், சித்தன்னவாசல். சரியாக வருமா? ஆட்டத்துக்கு முன்னால் என்ன சாப்பிடலாம்? நாலு பேர் சைவம். செலவு அவரவர் கைக்காசு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
தாராளமாக முடியும். நான் பைக்கில் ஒரே நாளில் நகரத்தாரின் நகரக்கோயில் ஒன்பதையும் பார்த்தவன். காலை ஆறுக்குப் பிள்ளையார்பட்டியில் ஆரம்பித்தால் பத்து மணிக்கு நீங்கள் சொன்ன பாதி முடிந்திருக்கும். காரைக்குடிக்குள் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1941இல் கட்டியது, வெளியே நின்று பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. வேனிலேயே தூங்கிக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்_விசில்:
ஊர்சுற்றி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்வது தனியாளாகப் பைக்கில் வருகிறவனுக்குச் சரி, மாலையில் ஆட வேண்டியவர்களுக்குச் சரிவராது.

எனக்கு ஊர் பள்ளத்தூர். முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியர், கபடிப் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போனவன். ஒருமுறை தஞ்சாவூரில் போட்டி. மாலைதானே ஆட்டம் என்று மதியம் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனேன். சித்திரை வெயில், கருங்கல் தளம், வெறுங்கால். பையன்கள் குதித்துக் குதித்துச் சுற்றி வந்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். மாலையில் என் ரைடர் இருவர் உள்ளங்காலில் கொப்புளம். அரையிறுதியில் தோற்று வந்தோம். தப்பு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு ஆட்டம் முடியாமல் எந்தக் கோபுரத்தையும் யாருக்கும் காட்டியதில்லை.

ஆகவே உங்கள் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். வெள்ளி மதியமே கிளம்புங்கள். திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி. பதினாறு பேர் வேன் என்றால் டீக்கு நிறுத்தி எப்படியும் ஆறு மணி நேரம். இரவு கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும். வேனில் கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கியவன் மறுநாள் யாரையும் மடக்க முடியாது. பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜ்கள் உண்டு. பழைய வீடுகளை ஓட்டலாக்கியிருக்கிறார்கள், அழகுதான், ஆனால் கைக்காசில் வருகிறவர்களுக்கான வாடகை இல்லை.

சனி காலை ஒரே வேலை, மைதானத்தைப் பார்ப்பது. இந்தப் பக்கம் செம்மண், அடியில் செம்பாறை. புல் இருக்கிற இடத்திலும் தரை கெட்டி. உங்கள் ஆட்டத்தில் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவீர்கள் அல்லவா? முழங்கால், முழங்கை உரியும். டெட்டால், பஞ்சு, ஐஸ் பெட்டி கொண்டு வாருங்கள். காலையில் இட்லி அல்லது இடியாப்பம், பன்னிரண்டரைக்குச் சாதம், ரசம், தயிர். கறி வேண்டாம். இங்கே வந்தும் கறி தொடாமல் எப்படி என்று பையன்கள் கேட்பார்கள். ராத்திரிக்கு என்று சொல்லுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே கானாடுகாத்தான். ராஜா அரண்மனைக்குள் பொதுவாக விடமாட்டார்கள், வாசலில் நின்று பார்ப்பதுதான். அது பரவாயில்லை. இங்கே பார்க்க வேண்டியது தெரு. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் மதிலை ஒட்டியே பின்தெரு வரை நடந்து பாருங்கள், அப்போதுதான் அளவு புரியும். ஒன்பது மணிக்கு மேல் ஆத்தங்குடி பெரிய வீடு, சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். அந்த ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பத்து வீட்டு வாசலில் செல்ஃபி எடுப்பதைவிட அது மேல்.

மதியச் சாப்பாடு காரைக்குடி. பிள்ளையார்பட்டி எப்படியும் நீங்கள் திரும்புகிற வழியில் இருக்கிறது. மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நாலுக்குக் கும்பிட்டுவிட்டு அப்படியே திருப்பத்தூர், நத்தம். குடைவரைக் கோயில், பிள்ளையாருக்குத் துதிக்கை வலப்பக்கம், கை இரண்டுதான். கவனித்துப் பாருங்கள்.

திருமயம், சித்தன்னவாசல் இரண்டையும் விட்டுவிடுங்கள். திருமயம் கோட்டை 1687இல் ராமநாதபுரத்து ராஜா சேதுபதி கட்டியது, மேலே ஏறினால் காற்று அள்ளும், ஆனால் அது புதுக்கோட்டை ரோட்டில், உங்களுக்கு நேர் எதிர்த்திசை. இன்னொரு ஆட்டத்துக்கு வரும்போது பார்க்கலாம் தம்பி.

வளவு_வீட்டுப்_பெண்:
விசில் சார் சொன்னதே என் ஓட்டும். வீடுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, “இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?” எங்கள் வீட்டில் பதினெட்டுப் புள்ளிக்கு, அதாவது பதினெட்டுக் குடும்பத்துக்கு, பங்கு. பாதிப் பேர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். கல்யாணம், பொங்கல், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் திறப்போம். ஆகவே பூட்டிய கதவைத் தட்டாதீர்கள். திறந்திருந்து காவல்காரர் இருந்தால் கேளுங்கள், அவர் கையில் ஏதாவது கொடுங்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், நடக்கும்போது சுற்றிலும் ஒரே மாதிரி அறைகள் இருப்பதைப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைப்பது’ எங்கள் வழக்கம். ஒரே வீடு, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், இந்த அடுப்புக் கதையை யாரும் சொல்வதில்லை.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் போட்டு அரைத்துப் பூசியது. எங்கள் அப்பத்தா உச்சிவெயிலில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அரிசி புடைப்பார். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்வதையும் பாருங்கள். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் நிறச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியை எடுத்தால் பூ தெரியும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது, சூளை எதுவும் கிடையாது. ஞாயிறு என்பதால் பட்டறையில் ஆள் இருப்பார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: மிளகாயை அள்ளிப் போட்டு ‘செட்டிநாடு’ என்று பெயர் வைப்பது வெளியூர்க் கடைகள். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, வெண்டைக்காய் மண்டி கேட்டுப் பாருங்கள். மண்டி அரிசி கழுவிய தண்ணீரில் புளி விட்டுச் செய்வது, உங்கள் சைவ நால்வருக்கும் பிடிக்கும். ஞாயிறு நேரம் மிஞ்சினால் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள், எந்தக் கடை திறந்திருக்கிறதோ அது. எனக்கு அங்கே போனால் மனம் கனக்கும். அந்தத் தூண்களெல்லாம் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. ஆனால் எனாமல் தூக்கு ஒன்று வாங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்வரிசை_7:
விசில் சார், வளவு அக்கா, இருவருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன், வெள்ளி மதியம் ஒரு மணிக்குக் கிளம்புகிறோம். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நாங்கள் பெண்கள் அணி சார், ‘பையன்கள்’ இல்லை. :)

ரக்பிக்கும் உங்கள் பக்கத்து வெள்ளிச் சாமான்களுக்கும் ஒட்டுகிற ஒரு கதை இருக்கிறது. கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் கலைந்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கிக் கோப்பை செய்தார்கள். கல்கத்தா கோப்பை என்று பெயர், 1879இலிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்குத்தான் ஆடுகின்றன.

வளவு_வீட்டுப்_பெண்:
வெள்ளி ரூபாயை உருக்குவதா! எங்கள் ஆட்கள் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருப்பார்கள்.

பள்ளத்தூர்_விசில்:
அடடா, தப்பு என்னுடையதுதான் அம்மா. என் வாய்க்குப் பழக்கம் அப்படி. அப்படியென்றால் லாட்ஜ் விஷயத்தை மாற்றிச் சொல்கிறேன். பேருந்து நிலையம் வேண்டாம், ராத்திரி முழுக்கச் சத்தம், அறைக் கதவெல்லாம் ஒரு மாதிரி. ஆட்டத்துக்கு அழைத்த கல்லூரியிலேயே பெண்கள் விடுதியில் இரண்டு அறை கேளுங்கள். விருந்தாளி அணிக்கு இடம் ஒழித்துக் கொடுப்பது நாங்கள் எல்லோரும் செய்தது, கேட்காததால்தான் கிடைப்பதில்லை. கடிதத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள், எத்தனை பேர் சைவம் என்று எழுதிவிடுங்கள். வேன் ஓட்டும் தம்பிக்குத் தனியாக ஓர் அறை மறக்காதீர்கள், ஞாயிறு ராத்திரி நத்தம் ரோட்டில் உங்களைக் கொண்டுபோகிறவர் அவர்தான்.

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்ற இடம் எங்கே என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். நாலரைக்கு நானும் வருகிறேன். பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்பது வரைக்கும் தெரியும், மிச்சத்தை எல்லைக்கோட்டில் யாராவது சொல்லிக்கொடுங்கள்.