பேரன்ட்ஸ் மீட்டிங்ல பிரெஞ்சு கேட்டா நான் சின்னப் பொண்ணாயிடுறேன்

ரோஸ்ஹில் மிஸ்:
வணக்கம். இங்க மொரீஷியஸ்ல, டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்குற எம்ஐஇ-ல ட்ரெய்னிங் பண்ணிகிட்டே ஒரு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் எடுக்குறேன், போன வாரம்தான் முதல் பேரன்ட்ஸ் மீட்டிங். ஒரு அம்மா வந்ததுமே பிரெஞ்சுல ஆரம்பிச்சாங்க, என் பிரெஞ்சு ஒண்ணும் மோசமில்ல, ஆனா கரும்புத் தோட்டத்துல வேலை பாத்த எங்கப்பா ஹெட்மாஸ்டர் முன்னாடி தொப்பியைக் கையில சுத்திகிட்டு பிரெஞ்சுல "வி, மிஸ்யே" (ஆமாங்க ஐயா)ன்னு மட்டும் சொல்லிட்டு நின்னாரே, அவர் பக்கத்துல நின்ன பொண்ணாவே ஆயிட்டேன். பையன் ஹோம்வொர்க்கே செய்யறதில்லன்னு சொல்ல உக்காந்தவ "நல்லா படிக்கிறான்"னு அனுப்பிட்டேன். அடுத்து ஒரு தாத்தா, இங்க சாதாரணமா எல்லாரும் பேசுற கிரேயோல்ல பேசினார், அவர்கிட்ட மட்டும் வாய் நீண்டுடுச்சு, பேத்தி கையெழுத்தைப் பத்தி பெரிய லெக்சர். ராத்திரி தூக்கமே இல்ல. உங்களுக்கும் இப்படி ஆகுமா?

மாய்பூர் தம்பி:
எனக்குத் தலைகீழ் அக்கா. வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே டீச்சர், அதனால மீட்டிங்னா நாம பேசணும் அவங்க கேக்கணும்னுதான் நெனப்பு. ஒரு அம்மாகிட்ட "வீட்ல நோட்டைப் பாக்குறதே இல்லையா"ன்னு கேட்டுட்டேன், அவங்க டெக்ஸ்டைல் ஃபாக்டரில நைட் ஷிஃப்ட். எங்கம்மா சாயந்திரமே வீட்டுல இருப்பாங்க, அதை வெச்சே எல்லா வீட்டையும் அளந்திருக்கேன்.

மோக்கா அக்கா:
கிரேயோல்லயே ஆரம்பிம்மா. 2012லயே பிரைமரில அது பாடமா வந்தாச்சு, மீட்டிங்குக்கு மட்டும் செருப்பு மாதிரி வாசல்ல விட்டுட்டு வரணுமா என்ன? இன்னொண்ணு, நம்மள பாதிப் பேர் காவடிக்கு தேவாரம் சொல்லிக் குடுக்குற மிஸ்னுதான் நெனப்பாங்க, கணக்கு மிஸ்கிட்ட அரைமணி நேரம், நம்மகிட்ட ரெண்டு நிமிஷம். அதுக்குக் கோவப்பட்டு பிரயோஜனமில்ல. பிள்ளையோட நோட்டைத் திறந்து நடுவுல வை. ரெண்டு பேர் கண்ணும் நோட்டுல இருந்தா நீ யார் வீட்டுப் பொண்ணுன்னு உனக்கே மறந்துடும்.

திரியோலே:
அக்கா சொல்றது பாதிதான் சரி. நான் கிரேயோல்ல ஆரம்பிச்சு நல்லா வாங்கிக் கட்டிகிட்டேன், "எனக்கு பிரெஞ்சு தெரியாதுன்னு முகத்துல எழுதியிருக்கா"ன்னுட்டாங்க. என் சட்டை, என் ஊரு, என் வயசு எல்லாத்தையும் பாத்துதான் அந்தக் கேள்வி வந்திருக்கும். இப்பல்லாம் பொஞ்சூர் சொல்லிட்டு சும்மா இருப்பேன், அவங்க எதுல பேசுறாங்களோ அதுலயே போவேன்.

ரோஸ்ஹில் மிஸ்:
நோட்டு ஐடியா பிடிச்சிருக்கு அக்கா. வியாழக்கிழமை அந்த அம்மாவைத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன், பையன் நோட்டு இப்பவே பையில இருக்கு, ஆறு பக்கம் வெறுமையா. தாத்தாவைத்தான் எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல, பஜார்ல காய் விக்கிறவர், தினமும் அந்த வழியாத்தான் போறேன்.