நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்: பரிமாற்றமா, கையளிப்பா?

> 'அறிவுப் பரிமாற்றம்' போதுமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வணக்கம் ஐயா.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் சொல்லும் சொல் புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் மின்னாளுகை (அரசுப் பணிகளைக் கணினி வழியாக நடத்துவது) ஆவணங்களில் அது இடிக்கிறது. துறைகள் தங்களுக்குள் தரவைக் கொடுத்து வாங்குவதை அங்கே 'தரவுப் பரிமாற்றம்' என்கிறோம். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் (சுருக்கமாக கே.டி.) அப்படி இல்லை, ஒருவழிப் பாதை. வேலையை விட்டுப் போகிறவர் சொல்கிறார், அந்த இடத்துக்கு வருகிறவர் கேட்டுக்கொள்கிறார்.

எஸ்டோனியாவின் எக்ஸ்-ரோடை, அதாவது அரசுத் தரவுத்தளங்களை இணைக்கும் மென்பொருளைப் பாருங்கள். 2001 முதல் அந்நாட்டு அரசுத் தரவுத்தளங்கள் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. 2013 டிசம்பரில் எஸ்டோனிய, பின்லாந்துப் பிரதமர்கள் ஓர் உடன்படிக்கையில் மின்கையொப்பம் இட்டார்கள். பின்லாந்தும் அதே மென்பொருளைப் பெற்றுத் தன் தளத்தை அமைத்தது. அதுவரை கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். 2017இல் இரு நாடுகளும் சேர்ந்து தாலினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, எக்ஸ்-ரோடை வளர்க்கும் பொறுப்பை அதனிடம் விட்டன. 2021இல் ஐஸ்லாந்தும் உறுப்பு நாடானது. இந்தக் கட்டத்தைத்தான் நான் 'பகிர்வு' என்பேன். முதலில் நடந்ததற்கு வேறு சொல் வேண்டும்.

இதே விவாதத்தில் அக்கா சொன்ன 'கைமாற்றம்' காதுக்கு இதம். ஆனால் கைமாற்று என்றால் எங்கள் பக்கம் சீட்டு எழுதாமல் வாங்கும் கடன், திருப்பித் தர வேண்டியது!

அப்புறம் 'ஒப்படைப்பு'. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் பழைய குழு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போனது: நிரல், கடவுச்சொற்கள், கையேடு. ஒரு வட்டம் (தாலுகா) இரண்டாகப் பிரிந்த பிறகும் அதன் பழைய குறியீட்டைத் தரவுத்தளத்திலிருந்து நீக்காமல் வைத்திருந்தார்கள். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. நாங்கள் நீக்கினோம். பிரிவினைக்கு முந்தைய விண்ணப்பங்கள் அத்தனையும் தேடலில் வராமல் போயின. அந்தக் குழு பட்டுத் தெரிந்துகொண்டது எங்களிடம் வந்து சேரவே இல்லை.

அதனால் என் பரிந்துரை: 'பட்டறிவுக் கையளிப்பு'. கையளித்தல் இலங்கைத் தமிழில் அன்றாடச் சொல். செய்தித்தாள்களில் பொருளையும் கையளிப்பார்கள், பொறுப்பையும் கையளிப்பார்கள். 'பட்டறிவு' அனுபவத்துக்கு உரிய சொல் அல்லவா என்று கேட்பீர்கள். கே.டி.யில் கிடைக்க வேண்டியதே அதுதான். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

அட்டவணைத் தலைப்பில் நீளமாகத் தெரிந்தால் 'கையளிப்பு' மட்டும் போதும். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' வரிக்கு இதைச் சேர்க்கிறேன். 'நாலெட்ஜ் ஷேரிங்' வரியில் 'அறிவுப் பகிர்வு' அப்படியே இருக்கட்டும்.