களைக்கொல்லியும் சிறுவயதும்: கேட்கப்படாத கேள்வி

என் தந்தைக்கு 54 வயதில் பார்க்கின்சன் நோய் உறுதியானது. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருக்கு மோப்ப உணர்வு மங்கிவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. அவருடைய கையெழுத்து வரியின் முடிவை நெருங்க நெருங்கப் பொடியாகிக்கொண்டே போகும். நரம்பியல் மருத்துவர் என்ன தொழில் என்று கேட்டார். கணக்கர் என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆனால் சிறுவனாக இருந்தபோது, தாத்தா பாராகுவாட் என்னும் களைக்கொல்லி அடிக்கும் நாள்களில் தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும், காலி டப்பாக்களை வெறுங்கையால் கழுவியதும் அவர்தான். எங்களுக்கே இது வெகுகாலம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவில்தான் தெரியவந்தது.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பாராகுவாட் உயிரணுக்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளால் வரும் சேதத்தை, உண்டாக்குகிறது. அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களுக்கு அதைத் தாங்கும் திறன் குறைவு; பார்க்கின்சன் நோயில் அழிபவை இவைதாம். குட்டிப் பருவத்தில் பாராகுவாட்டும் மானெப் என்னும் பூஞ்சைக்கொல்லியும் செலுத்தப்பட்ட சுண்டெலிகள், வளர்ந்தபின் அவற்றை மீண்டும் எதிர்கொண்டபோது, வளர்ந்த பிறகு மட்டும் பெற்றவற்றைவிட அதிகமான நரம்பணுக்களை இழந்தன. கலிபோர்னியாவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இவ்விரண்டும் தெளிக்கப்பட்டவர்களுக்கு நோய் அபாயம் 75 விழுக்காடு கூடுதல் என்றது. 60 வயதுக்குள் நோய் கண்டவர்களிடம் அது இன்னும் அதிகம். என் தந்தையின் நோய்க்கு இதுவே காரணம் என்று எவராலும் நிறுவ முடியாது, மரபணுவும் முதுமையும் கூடவே இருக்கின்றன. இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

மறுமொழி:

பார்க்கின்சன் போன்ற இயக்கக் கோளாறு உள்ள நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். தாங்கள் எழுதியதை அடிக்கடி காண்கிறேன். "களைக்கொல்லி அடித்ததுண்டா?" என்று கேட்டால் பெரும்பாலோர் உடனே இல்லை என்றே சொல்வார்கள். பதினைந்து வயதுவரை எங்கே வளர்ந்தீர்கள், வயல் எவ்வளவு அருகில் இருந்தது, குடித்தது கிணற்று நீரா, மருந்தடித்த துணிகளை வீட்டில் யார் துவைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் நினைவுகள் வெளிவருகின்றன. ஒரு பெண்மணி தாம் வயலில் இறங்கியதே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். பிறகு, தந்தையின் நனைந்த சட்டைகளை அலசியது சிறுமியான தாம்தான் என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட்டுக்கு அனுமதி இல்லை என்றாலும், அதற்கு முன் வளர்ந்தவர்கள் இப்போதுதான் நோய் வெளிப்படும் வயதை அடைகிறார்கள். ஆகவே பெற்றோரின் இளமைக்காலத்தை அவர்களுக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதி, மருத்துவக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.